தலைக்கணக்கில் இருந்தோம், வகுப்பில் இல்லை

மலையகத்தின் தோட்டப் பாடசாலைக்கு அன்று ஐந்தாம் வகுப்புதான் எல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தை நடத்திய துரைமாரிடம் விட்டது. துரைக்கு அது செலவுக் கணக்கில் இன்னொரு வரி. ஒரே மடுவம், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், ஆள் குறைந்தால் வளர்ந்த பிள்ளைகளும் மலைக்குத்தான் போக வேண்டும். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாடே மகிழ்ந்தது. தோட்டப் பாடசாலை மட்டும் துரையின் கையிலேயே நின்றது.

படித்தாலும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே. தோட்டத்துச் சனத்தை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அதையும் அடைத்தது. பிரஜையாக இல்லாதவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. ‘படிச்சு என்னத்த கிழிக்கப்போற’ என்று லயத்தில் அப்பன் கேட்டது சோம்பலில் கேட்டதல்ல; நிலைமை தெரிந்து கேட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பிரஜாவுரிமையோடு வாக்கும் போனதால், அதற்குப் பிறகு மலையகத்தின் வாக்கில் ஒருவர் போக 1977 வரை, தொண்டமான் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக அனுமதியின் கதை இந்த இடைவெளியில்தான் நடந்தது. 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். பிறகு மொழிவாரியாகப் புள்ளியைச் சமன்செய்யும் தரப்படுத்தல். 1974இல் மாவட்டக் கோட்டா. யாழ்ப்பாணத்தில் அது எரிந்த விதமும் அதிலிருந்து கிளம்பிய அரசியலும் எல்லோருக்கும் தெரியும். அதே கோட்டா நுவரெலியாவில் என்ன செய்தது என்று கேட்டவர்கள் குறைவு.

அப்போது நுவரெலியா பின்தங்கிய மாவட்டம், இன்றும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் பங்கைச் சனத்தொகையை வைத்துப் பிரித்தார்கள். அந்தச் சனத்தொகையில் லயத்துச் சனமும் அடக்கம். பிரஜாவுரிமை இல்லாதவரின் தலையையும் எண்ணித்தான் மாவட்டத்துக்கு இடம் வந்தது. அந்த இடத்தில் போய் உட்கார எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை வந்திருக்கவே இல்லை. பாராளுமன்ற ஆசனங்களிலும் அதே கூத்துதான்: எண்ணிக்கைக்கு நாங்கள், ஆசனத்துக்கு வேறொருவர்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது; மாறவில்லை என்பது பொய். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977 முதல் படிப்படியாகப் பாடசாலைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. 1988, 2003 சட்டங்களோடு நாடற்றவர் என்ற பெயரும் போனது. கொழுந்து பறித்தவரின் பேத்தி பேராதனையில் படிக்கிறாள் என்பது இப்போது பத்திரிகைச் செய்தி அல்ல. மாவட்டக் கோட்டா இல்லாவிட்டால் இந்தப் பேத்திகளில் பலர் உள்ளே போயிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இது கசக்கலாம். அவர்களிடம் பறித்த அதே ஏற்பாடு இங்கே ஒரு கதவைத் திறந்தது. இரண்டும் உண்மைதான்.

ஆனால் கதவு திறந்தது மாவட்டத்துக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதத்தை நாடளாவிய திறமைக்கும், 55 வீதத்தை மாவட்டங்களுக்கும், 5 வீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கிறது. நுவரெலியா நகரத்தில் வைத்தியரின் மகனும் சரி, மஸ்கெலியாவுக்கு மேலே கடைசி டிவிஷனில் லயத்திலிருந்து இறங்கிவரும் பிள்ளையும் சரி, இந்தக் கணக்கில் ஒன்றுதான். விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் உள்ள தமிழ்ப் பாடசாலை ஹட்டன் பக்கத்தில் சிலதுதான். அங்கே வரும் பௌதிகவியல் ஆசிரியர் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்து, இடமாற்றம் கிடைத்ததும் ஊருக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீதியை டியூஷன் பார்த்துக்கொள்கிறது, காசு இருந்தால். வெட்டுப்புள்ளி குறைவென்று வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து சேர்வதும் பழைய முறைப்பாடு. பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டு எங்கே படித்தார் என்று பார்க்கும் விதி இருந்தும் அது ஓயவில்லை.

வேலைப் பக்கம் இன்னும் மோசம். 2014, 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரம் உதவி ஆசிரியர்களை எடுக்க முடிவானது. நல்ல காரியம். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய்! பிறகு 10,000 ஆனது. சலுகை என்று சொல்லி மலிவு விலையில் வாத்தியார் பிடித்த வேலைதான் அது என்பது என் எண்ணம்.

ஒரு தோட்டத்துச் சகோதரர் இருவரை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போன அண்ணனின் பேரன், அங்கே சாதிச் சான்றிதழை வைத்து இடஒதுக்கீடு கேட்கிறான். சான்றிதழ் வாங்க அவன் நடையாய் நடக்கிறான் என்பது வேறு கதை. இங்கேயே நின்ற தம்பியின் பேரன் மாவட்டத்தின் பெயரில் கேட்கிறான். அவனுடைய குடும்பம் எங்கே குடியிருந்தது, எதைச் செய்து பிழைத்தது என்பதற்கு விண்ணப்பத்தில் இடமே இல்லை.

‘இந்தக் கோட்டா இன்னும் எத்தனை காலத்துக்கு?’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் வழக்கில் உயர் நீதிமன்றம் இன அடிப்படையிலான அனுமதியை 2023இல் நிறுத்தியதையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே 2023இல்தான் மலையகம் தான் இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது. இருநூறு ஆண்டில் அரசுப் பாடசாலை கிடைத்து ஐம்பதும் முழுதாக ஆகவில்லை. அதற்குள் போதும் என்றால் எப்படி? கோட்டாவை எடுக்கும் காலம் வரட்டும். கடைசி டிவிஷன் பிள்ளைக்கும் பௌதிகவியல் ஆசிரியர் நிலைத்து நிற்கும் நாளில் அதைப் பேசலாம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்பது ஆணைக்குழுவுக்கு ஏற்கெனவே தெரியும். சாதாரண தரம் வரை தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு, மாவட்டப் பங்குக்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கட்டும். மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் சம்பள உயர்வுக்கு எழுப்பும் குரலில் பாதியையாவது இதற்கும் எழுப்ப வேண்டும்.