கடவுச்சொல்லுக்கும் உப்பு வேண்டும்!

வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம் – எதற்கும் இப்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறார்கள். நீங்களும் யோசித்து ஒன்றைக் கொடுக்கிறீர்கள். வாங்கிக் கொண்டவர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

"பூட்டித்தான் வைத்திருப்பார்கள்" என்பீர்கள். பூட்டினால் மட்டும் போதாது, சகோதரி! அப்படியே எழுதி வைப்பதே ஆபத்து. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்தில் பலர் பங்கிட்டு உபயோகித்த கம்ப்யூட்டர் ஒன்றில் கடவுச்சொற்கள் அப்படித்தான் இருந்தன. 1962ல் ஒரு மாணவர் அந்த ஜாபிதாவை முழுசாக அச்சடித்து எடுத்துக் கொண்டார்! 2009ல் 'ராக்யூ' என்ற கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடு போயின. அவையும் அப்படியே எழுதி வைத்தவைதான்.

சரி, வேறு வழி? அடுப்பங்கரைக்கு வாருங்கள். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? முடியாதல்லவா? நல்ல நிர்வாகிகள் உங்கள் கடவுச்சொல்லை ஒரு கணக்கு முறையால் அரைத்து, மாவை மட்டும் வைத்துக் கொள்கிறார்கள். இதற்கு 'ஹாஷ்' என்று பெயர். அடுத்த முறை நீங்கள் சொல்வதையும் அதேபோல் அரைத்து, மாவும் மாவும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதிலும் ஒரு சங்கடம். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தால் மாவும் ஒன்றாகிவிடும். திருடன் வழக்கமான சொற்களை முன்கூட்டியே அரைத்து வைத்து ஒப்பிடுவான். ஆகையால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏதோ சில எழுத்துக்களைக் கலந்து அரைக்கிறார்கள். இந்த யுக்தியை 1979ல் விளக்கி எழுதிய பெல் ஆராய்ச்சிசாலை நிபுணர்கள் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் இருவரும் சொன்ன பெயர் என்ன தெரியுமா? 'சால்ட்' – உப்பேதான்! 2012ல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து வெளியான சுமார் 65 லட்சம் மாவுகளில் இந்த உப்பு இல்லை. கள்வர்கள் வெகு சீக்கிரம் பலவற்றைக் கண்டுபிடித்து விட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

இன்னொன்று: அரைப்பது மெதுவாக இருக்க வேண்டும். 1999ல் வந்த 'பீக்ரிப்ட்', 2015ல் போட்டியில் வென்ற 'ஆர்கான்2' ஆகியவை வேண்டுமென்றே நிதானமாக அரைப்பவை. உங்களுக்கு அது ஒரு கண நேரம்தான். கோடிக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்க்கும் திருடனுக்கோ கை சலித்துப் போகும்.

நீங்களே ஒரு பரீட்சை செய்யலாம். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். புதிது வைத்துக் கொள்ளச் சொன்னால் முறைதான். பழைய சொல்லையே அனுப்பி வைத்தால், அரிசி அரிசியாகவே அவர்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதே சொல்லை வேறெங்கும் உபயோகித்திருந்தால் உடனே மாற்றி விடுங்கள்!