ஒரே ஒரு கம்பி: பஞ்சாப் கிராமத்து வாத்தியங்கள்

பஞ்சாபி எம்சி-யோட ‘முண்டியான் தோ பச் கே’ பாட்டு 1998-ல வந்தது. கல்யாண வீட்டு டிஜே-ல நிச்சயம் கேட்டிருப்பீங்க. அதுல கம்பியைச் சுண்டுற மாதிரி கூர்மையா ஒரு சத்தம் சுத்திச் சுத்தி வரும்ல, அதுதான் தும்பி. நம்ம ஊர்ல செடிமேல பறக்குற தும்பி இல்ல. தோல் போர்த்திய ஒரு சின்னக் குடுவை, அதுல சொருகின ஒரு குச்சி, குச்சியில ஒரே ஒரு உலோகக் கம்பி. அவ்வளவுதான் மொத்த வாத்தியமும்.

ஒரு கைவிரல் கம்பியை முன்னும் பின்னுமா வேகமா சுண்டும். இன்னொரு கை கம்பியை அழுத்தி சுரம் மாத்தும். சாதாரணமா நாலஞ்சு சுரத்துக்குள்ளதான் விளையாட்டு. ராகத்தை விரிக்க இடம் இல்லாததால, வாசிக்கிறவர் முழு மூளையையும் தாளத்துல போடுறார். கம்பி வாத்தியம்னு பேரு, ஆனா வேலை பாதி மேளத்தோடது.

இந்தத் தும்பியைப் பிரபலமாக்கியவர் லால் சந்த் யம்லா ஜட். அவருக்கு அப்புறம் அதைக் கையில பிடிச்சவங்கள்ல ஒருத்தர்தான், 1988-ல 27 வயசுலயே சுட்டுக் கொல்லப்பட்ட அமர் சிங் சம்கீலா. ஏ.ஆர். ரஹ்மான் இசையில 2024-ல வந்த படம் அவரோட கதைதான்.

என் லேப்டாப்ல இருக்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல தும்பிக்கு ஒரு ப்ரீசெட் இருக்கு. சத்தம் அச்சு அசல். கீபோர்டுல மூணு ஆக்டேவ் ஓடலாம், ஒரே நேரத்துல அஞ்சு சுரம் அமுக்கலாம். நிஜத் தும்பியில ரெண்டுமே முடியாது. அந்த ‘முடியாது’ இருந்ததாலதான் அந்த இசை அப்படி உருவாச்சு. ப்ரீசெட் அதைத்தான் முதல்ல தூக்கி எறியுது.

மத்த வாத்தியங்கள்லயும் இதே கதை. சிம்டா அடிப்படையில அடுப்பங்கரை இடுக்கிதான். நீளமாக்கி, ஓரத்துல பித்தளைச் சலங்கைத் தட்டுகள் கோத்திருப்பாங்க. இதுல சுரமே கிடையாது. ஆலம் லோஹார் இதை வெச்சே ஒரு வாழ்நாள் பாடினார். அவர் பையன் ஆரிஃப் லோஹார் 2010-ல பாகிஸ்தான் கோக் ஸ்டூடியோவுல ‘ஜுக்னி’ பாடும்போது கையில இருந்தது இந்தச் சிம்டாதான். தட் பார்த்தா உடுக்கை மாதிரியே இருக்கும். இடுப்புப் பக்கம் பிடிச்சு அமுக்கினா சத்தம் ஏறி இறங்கும். தாடி பாடகர்கள் இதையும் சாரங்கியையும் வெச்சுத்தான் வீரக் கதைகளைப் பாடுறாங்க. தோல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: ஒரு பக்கம் வளைஞ்ச தடிமனான குச்சி, இன்னொரு பக்கம் மெல்லிசான குச்சி. தடிமன் பக்கம் வயித்துல அதிரும், மெல்லிசு பக்கம் காதுல வெடிக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அல்கோசா. ரெண்டு குழலை ஒண்ணா வாயில வெச்சு ஊதணும். ஒரு கை ஒரு குழல்ல, மறு கை இன்னொண்ணுல. வழக்கமா ஒண்ணு மெட்டைப் பாடும், இன்னொண்ணு சுருதி பிடிக்கும். நடுவுல நிறுத்தவே கூடாது. அதனால கன்னத்துல காத்தை அடைச்சு வெச்சு, அதைக் குழலுக்குள்ள தள்ளிக்கிட்டே மூக்கால மூச்சை இழுக்கணும். அந்த இழுப்பு தாளத்தோட சேர்ந்து விழும். அதனால சத்தம் குதிச்சுக் குதிச்சு வரும். மிர்ஸா, ஜுக்னி மாதிரி பாட்டுகளோட ஆட்டமே அந்தக் குதிப்புலதான்.

இதைப் பழக வருஷக்கணக்கா ஆகும். மேடையில ஒரு கீபோர்டு அரை நொடியில அல்கோசா ஆயிடும். அப்போ ஒரு பையன் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ஒண்ணு மட்டும் பண்ணுங்க. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, நிஜ அல்கோசா வாசிப்பு ஒண்ணைத் தனியா கேளுங்க. மெட்டை விட்டுட்டு மூச்சைத் தேடுங்க. எங்க இழுக்கிறாருன்னு கண்டுபிடிச்சா கமெண்ட்ல சொல்லுங்க, எனக்கு மூணு தடவை கேட்ட அப்புறம்தான் பிடிபட்டது.