பந்து சோறு போடுமா?

“பொழுது சாய்ந்தால் பையன் திடலிலேயே கிடக்கிறான், வாத்தியாரே. பந்து சோறு போடுமா?”

தோட்டப்புறத்துப் பெற்றோர்கள் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏளனமாகக் கேட்பதில்லை, கவலையோடுதான் கேட்கிறார்கள். ஆகவே பதிலையும் பொறுப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. போடும் என்று ஆசை காட்டுவதும் சரியல்ல, போடாது என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. பலருக்குப் போட்டிருக்கிறது. எப்படிப் போட்டது, எத்தனை நாள் போட்டது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

பத்திரிகையில் படம் வரும் ஆட்டக்காரர்களை வைத்தே நாம் இந்தத் தொழிலை எடை போடுகிறோம். அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் எல்லாம் ஒப்பந்தத்துக்கு ஆடுபவர்கள். ஒரு குழுவில் ஓராண்டு, இன்னொரு குழுவில் ஈராண்டு. தவணை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். ஒப்பந்த வேலைக்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் போன குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல.

பணம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் இஷ் ஸ்மித் என்றொருவர் இருந்தார். 2010இல் ஆடத் தொடங்கியவர், மொத்தம் 13 குழுக்களின் சட்டையை அணிந்தார். அந்த லீக்கில் அதுவே சாதனை. பதின்மூன்றாவது குழுவான டென்வர் 2023இல் வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோதுதான் அவருக்கும் அந்தப் பெருமை கிட்டியது. பதின்மூன்று ஆண்டு காத்திருந்து பெற்றது அது.

இஷ் ஸ்மித்தைப் போல, அவரையும் மிஞ்சும்படி ஊர் ஊராகப் போன ஒரு காற்பந்து ஆட்டக்காரர் உண்டு. அவர் தொழில்முறையில் முதன்முதலாகக் கால்வைத்த இடம் வேறெங்கும் இல்லை, நம் பினாங்குதான்.

அந்தக் கதைக்கு முன் பழைய பினாங்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி, ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கப் போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பினாங்கு 1974இல் பேராக்கைத் தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தை வென்றது. பினாங்கின் நமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா என்ற அண்ணன் தம்பி இருவரும் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடினார்கள். அந்நாளில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தொழிலல்ல. அரசாங்க இலாகாவிலோ, வங்கியிலோ, மின்சார வாரியத்திலோ வேலை இருக்கும். வேலை முடிந்த பிறகு பயிற்சி. கால் உடைந்தாலும் மாதச் சம்பளம் உடையாது.

1989இல் பகுதித் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறை லீக் ஆயிற்று. சம்பளம் ஏறியது, வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் இருந்த நிரந்தர வேலை போய்விட்டது. பந்து ஒன்றே பிழைப்பு என்றாயிற்று.

அந்தக் காலகட்டத்தில், 1993இல் பினாங்குக்கு வந்தார் ஜெர்மானியக் கோல் காவலர் லுட்ஸ் பானன்ஸ்டீல். இருபது வயதை ஒட்டிய இளைஞர். 1973இல் பவேரியா மாநிலத்தின் ஸ்வீசல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய நாட்டின் புகழ்பெற்ற பாயர்ன் மியூனிக் குழு, தொழில்முறை அல்லாத இரண்டாம் அணியில் இடம் தர முன்வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஊருக்கு விமானம் ஏறினார். பெரிய இடத்தில் வரிசையில் காத்திருப்பதைவிட, சிறிய இடத்தில் சம்பளத்துக்கு ஆடுவது மேல் என்பது அவர் கணக்கு.

பினாங்கில் தொடங்கிய பயணம் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர், பின்லாந்து, நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, ஆர்மேனியா, பிரேசில், நமீபியா என்று இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். உலகக் காற்பந்து ஆறு வட்டாரச் சம்மேளனங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆறிலும் தொழில்முறையில் ஆடிய முதல் மனிதர் அவர். 2008இல் பிரேசிலில் ஆடியபோது அந்தக் கணக்கு நிறைவாயிற்று.

கேட்கும்போது கதை இனிக்கிறது. கசப்பும் உண்டு. சிங்கப்பூரில் ஆடிக்கொண்டிருந்தபோது ஆட்டத்தில் சூது செய்ததாக வழக்கு வந்து, 101 நாள் சிறையில் இருந்தார். தாம் குற்றமற்றவர் என்பதே இன்றுவரை அவருடைய வாதம். 2002 டிசம்பர் 26ஆம் நாள், இங்கிலாந்தில் பிராட்போர்ட் பார்க் அவென்யூ என்ற சிறிய குழுவுக்கு ஆடும்போது, எதிரணி ஆட்டக்காரருடன் நெஞ்சில் மோதி மூச்சு நின்றுவிட்டது. திடலிலேயே மூச்சூட்டி உயிரை மீட்டார்கள். பெரும் பணமும் இல்லை. நிலையான வீடும் இல்லை.

பிறகு அவரைக் கரை சேர்த்தது எது? ஊர் ஊராகப் போனதில் மொழிகளைக் கற்றார். பயிற்றுநர் கல்வி பெற்றார். ஆட்களை எடைபோடத் தெரிந்துகொண்டார். அந்த அறிவை வைத்து ஜெர்மனியில் போர்ச்சூனா டுசல்டார்ப் குழுவின் விளையாட்டுப் பொறுப்பாளரானார். 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டி குழுவை அடித்தளத்திலிருந்து உருவாக்கும் வேலை அவரிடம் வந்தது. அக்குழு 2023இல், தன் முதல் பருவத்திலேயே, மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

இனி நம் மண்ணின் பிள்ளை ஒருவரைப் பார்ப்போம். கெடாவில் 1987இல் பிறந்த பைஸ் சுப்ரி. கிளந்தான் உட்பட வேறு மாநிலங்களுக்கும் ஆடிவிட்டுப் பினாங்குக்கு வந்தவர். 2016 பிப்ரவரி 16ஆம் நாள், அதே சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிரான ஆட்டம். முப்பது மீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு ‘பிரீ கிக்’ அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, நடுவானில் மறுபக்கம் திரும்பி வலைக்குள் புகுந்தது. கோல் காவலர் திகைத்து நின்றார். உலகமே திரும்பத் திரும்பப் பார்த்த கோல் அது.

அவ்வாண்டின் மிக அழகிய கோலுக்கான பீபாவின் புஸ்காஸ் விருதுக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, நூற்றுக்கு 59 வாக்குகளுக்கு மேல் அவருக்கே விழுந்தன. 2017 ஜனவரி 9ஆம் நாள் சூரிக் நகர மேடையில், பிரேசிலின் ரொனால்டோ கையால் விருதைப் பெற்றார். அந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். எழுதி வைத்திருந்த உரையைக் கைத்தொலைபேசியில் தேடித் தடுமாறியதை உலகம் பார்த்தது. நம்மவர் ஒருவர் பெரிய சபையில் தடுமாறுவதுபோலவே இருந்தது.

மறுநாள் என்ன நடந்தது? ஐரோப்பாவிலிருந்து எந்தப் பெரிய குழுவும் அவரை வாங்க வரவில்லை. வயது 29 ஆகியிருந்தது. அவர் பினாங்குக்குத் திரும்பிப் பழையபடி லீக் ஆட்டத்தில் இறங்கினார். அவ்வாண்டு இறுதியில் பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்தே கீழே இறங்கிவிட்டது. உலக விருது அலமாரியில் இருந்தது. அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிய யோசனை வழக்கம்போல் இருந்தது. திறமைக்குப் புகழ் கிடைக்கலாம். நிரந்தரம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றியும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி என்பது பழைய நோய். 2019இல் பாக்கிப் பிரச்சினையால் பெர்லிஸ் குழு பருவத்தின் தொடக்கத்திலேயே லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் குழுக்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. குழு விழுந்தால் அதில் ஆடுபவன் வீட்டு அடுப்பும் அணைகிறது. சம்பள நாளில் சம்பளம் வராத வேதனையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அவனுக்கும் சட்டம் உண்டு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்துவிட்டு, அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு என்று பீபா 2018இல் விதி செய்தது. ஆட்டக்காரர்களுக்கென்று பி.எப்.ஏ.எம். என்ற சங்கமும் நம் நாட்டில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் எவ்வளவு தேவையோ, பந்தாடுபவனுக்கும் அவ்வளவு தேவை.

ஆகவே, பையன் உண்மையிலேயே கெட்டிக்காரன் என்று பயிற்றுநர் சொன்னால், பெற்றோர்கள் மூன்று காரியங்களில் கண்ணாயிருங்கள்.

முதலாவது, படிப்பை நிறுத்தாதீர்கள். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்களில் பாடமும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன. எஸ்.பி.எம். சான்றிதழ் கையிலிருந்தால், முழங்கால் கைவிட்டாலும் வேறு வழி திறக்கும்.

இரண்டாவது, படிக்காத தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். எத்தனை மாதம், சம்பளம் எந்தத் தேதியில், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இ.பி.எப். பிடிப்பார்களா என்று கேளுங்கள். புரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடமாவது காட்டுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, சூதாட்டக்காரன் நீட்டும் காசு. 1994, 1995ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் ஆட்டச் சூது அம்பலமானபோது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பல நல்ல ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டு, பிழைப்பையும் பெயரையும் ஒன்றாக இழந்தார்கள். சம்பளம் வராத மாதத்தில்தான் அந்தக் காசு இனிப்பாகத் தெரியும். வீட்டில் நாலு காசு சேமிப்பு இருந்தால் பையனுக்கு வேண்டாம் என்று சொல்லத் துணிவு வரும்.

ஆட்டம் ஓய்ந்த பிறகு பயிற்றுநராகி உயர்ந்தவர்களும் நம்மில் உண்டு. ஆட்டக்காரராக இருந்து தேசியப் பயிற்றுநரான கே. ராஜகோபாலின் கீழ், மலேசியா 2010இல் தென்கிழக்காசியச் சுசுகி கிண்ணத்தை முதன்முறையாக வென்றது.

பந்து சோறு போடும். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் போடும். மனிதன் அதற்குப் பிறகும் வெகுகாலம் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆகையால் பையனைத் திடலிலிருந்து காதைப் பிடித்து இழுத்து வராதீர்கள். நன்றாக ஆடட்டும். இருட்டியதும் கூப்பிட்டு, கைகால் கழுவச் சொல்லி, புத்தகத்தின் முன் உட்கார வையுங்கள்.