களப்பும் கடலும் – 6: மணல் ஒழுங்கையில் ஒரு போட்டி

சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் பாலாவி வரையுள்ள ஏ3 வீதியைப் போன வாரம் பார்த்து முடித்தோம். பஸ்ஸும் லொறியும் விரட்டும் வீதி அது. சைக்கிள்காரனுக்கு அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரம் மட்டும்தான் சொந்தம். இந்த வாரம் பாலாவியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டி வீதியில் இறங்குவோம்.

ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிக்கொண்டே போகும் மணல் நிலம். சமதரைதானே என்று நம்பி வருகிறவர்களைக் காற்று பிடித்துக்கொள்ளும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம் ஓயாது. மாம்புரியில் காற்றாலைகளை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான். கந்தக்குளிப் பக்கம் பட்டம் கட்டி அலையில் சறுக்க வெளிநாட்டார் வருவதும் இந்தக் காற்றை நம்பித்தான். போகும்போது அது முதுகைத் தள்ளும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சட்டென்று பின்னால் போய்விடும். நம் கால்களில் ஏதோ புது வலு வந்துவிட்டது போலிருக்கும். அந்தக் கணக்கைத் திரும்பி வரும்போது காற்று வட்டியோடு தீர்த்துக்கொள்ளும்.

எதிர்க்காற்றில் வீம்பு உதவாது. கியரைக் குறைத்து, உடலைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் மாறி ஒருவர் முன்னே வந்து காற்றை வாங்கிக்கொள்ளலாம். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நேர் பின்னால் நின்று பயனில்லை. காற்று படாத பக்கமாகச் சற்றுச் சரிந்த வரிசையில் ஓடினால்தான் மறைவு கிடைக்கும். ஆனால், அப்படிச் சரிந்தால் வீதியின் அகலம் முழுவதும் தேவைப்படும். வாகனம் வரும் வீதியில் அதற்கு ஆசைப்படக் கூடாது.

தார் வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கினால்தான் இந்தக் குடாநாட்டின் உண்மையான பாடம் தொடங்குகிறது. வெங்காயத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கைகள், மீன்வாடிகளுக்குப் போகும் தடங்கள், எல்லாமே மணல். புதிதாக வருகிறவர் மணலைக் கண்டதும் பிரேக்கைப் பிடிப்பார், முன்சில்லு புதையும், ஆள் விழுவார். பாலாவிப் பக்கம் பஞ்சர் ஒட்டும் நானா ஒருவர் எனக்குச் சொன்னது இது: “தம்பி, மணல்ல போறதுண்டா டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்குங்க. ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க.” காற்றைக் குறைத்தால் டயர் மணலில் பரந்து படியும், அமிழ்வது குறையும். பாரத்தைப் பின்பக்கம் வைத்து, மணல் வருமுன்பே வேகம் எடுத்து, மிதிப்பதை நிறுத்தாமல் போனால் சில்லு தானே வழி தேடிக்கொள்ளும். அதுவும் முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இப்படி ஓடுவதையே ஒரு விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள் ஐரோப்பியர்கள். பெயர் சைக்ளோகுரொஸ். 1902இல் பிரான்சில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950இல் பாரிஸில் முதல் உலகப் போட்டி. வென்றவர் ஜோன் ரொபிக், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் டூர் டி பிரான்ஸை வென்ற அதே ஆள். சேறு, புல், மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த சுமார் 3 கிலோமீற்றர்ச் சுற்றுப் பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். குறுக்கே 40 சென்றிமீற்றர் வரை உயரமான பலகைகள் நிற்கும். சர்வதேசப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தொழில்முறை வீரர்களும் அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அதை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

இந்த விளையாட்டின் மணல் களங்களில் பேர்போனது பெல்ஜியக் கடற்கரையிலுள்ள கொக்ஸைட். 2012இல் உலகப் போட்டி அங்கே நடந்தபோது ஆண்கள் பிரிவில் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியர்களே பிடித்தார்கள். முதலாவதாக வந்தவர் நீல்ஸ் அல்பேர்ட். சிறு வயதிலிருந்தே சேற்றிலும் மணலிலும் விழுந்து எழும்பி வளர்ந்தவர்களை வெளியூர்க்காரர் அங்கே வெல்வது லேசில்லை.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் வாடிக்கும் மணலில் சைக்கிள் உழக்கியே வளர்கிறார்கள். ஆனால் சித்திரைப் புத்தாண்டு சைக்கிள் ஓட்டம் என்றால் நமக்கு எப்போதும் தார் வீதிதான். அதில் வெல்லப் பாரம் குறைந்த சைக்கிள் வேண்டும். அதை வாங்கக் காசு வேண்டும். மணல் ஒழுங்கையில் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துபோகும். பலகைக்கு முன் இறங்கி ஓடத் தெரிந்தவன் பழைய லுமாலாவிலும் முன்னுக்கு வருவான். வீதியை மறிக்க வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. ஒரு தென்னந்தோப்பு, நாலு பலகை, ஒரு விசில் போதும். கற்பிட்டியிலும் உடப்பிலும் உள்ள விளையாட்டுக் கழகங்கள் அடுத்த சித்திரைக்கு இதை ஒரு தடவை நடத்திப் பார்க்கட்டும்.

இந்தப் பக்கம் சைக்கிளோடு வர நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காயப்போட்ட வலை மீதும் கருவாட்டுப் பாய் மீதும் சில்லை ஏற்றாதீர்கள். தலவில அன்னம்மாள் திருவிழா நடக்கும் மார்ச், ஆகஸ்ட் நாட்களில் வீதி நிறைய யாத்திரிகர்கள் இருப்பார்கள். வேறு நாள் பாருங்கள். இருட்டினால் கழுதைகள் வீதியின் நடுவே நிற்கும், விளக்கில்லாமல் ஓடாதீர்கள். வீடு திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள். உப்புக் காற்று ஒரே இரவில் துரு ஏற்றிவிடும்.

அடுத்த வாரம் வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளம் வரை போவோம்.