சொந்தக் கதை, சொந்தக் குரல்: டிஜிட்டல் கதைசொல்லல் கற்றுத்தருவது என்ன?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2001ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ஊர் என்ற கணக்கில், ஒரு பயிற்சிப் பட்டறை இடம் மாறி இடம் மாறி நடந்துவந்தது. ஒரு முறைக்குப் பத்துப் பேர் வரை அதில் கலந்துகொண்டனர். கணினியில் பழக்கமே இல்லாதவர்களும் அவர்களில் இருந்தனர். ஐந்து நாள் பயிற்சி முடிந்தபோது ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு படம் இருந்தது. தமது வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதி, தமது குரலிலேயே பேசி, குடும்பப் புகைப்படங்களைக் கொண்டு தாமே தொகுத்த இரண்டு நிமிடப் படம் அது.

"கேப்சர் வேல்ஸ்" என்ற இந்தத் திட்டத்தை பிபிசி வேல்ஸும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தின. ஆங்கிலத்திலும் வேல்ஷ் மொழியிலுமாக நூற்றுக்கணக்கான கதைகள் இதன் மூலம் உருவாயின.

பொதுமக்களை ஒலிவாங்கிக்கு முன்னால் பேசவைப்பது ஒலிபரப்பு நிறுவனங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு மணி நேரப் பேட்டியில் எந்த அரை நிமிடம் ஒலிபரப்பாகும் என்பதைத் தீர்மானிப்பவர் செய்தியாளர்தான். தாம் சொன்னதில் எது எஞ்சியது என்பது, பேசியவருக்கு ஒலிபரப்பான பிறகே தெரியவரும். டிஜிட்டல் கதைசொல்லலில் கைமாறுவது இந்தத் தொகுக்கும் அதிகாரம். சமுதாய ஊடகத் துறையினர் இதில் காட்டிய ஆர்வத்துக்கு முதன்மைக் காரணமும் அதுவே.

திரையில் எரிந்த நெருப்பு

இந்த முறை பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். டேனா ஆட்ச்லி என்ற கலைஞர், மேடையில் ஒரு மரக்கட்டைமீது அமர்ந்து, தமது குடும்பத்தின் பழைய படங்களைப் பின்னால் இருந்த திரையில் ஓடவிட்டுக் கதை சொல்வார். அருகில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் நெருப்பு எரியும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும் பழைய வழக்கத்தை அவர் கணினி யுகத்துக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

நாடகத் துறையைச் சேர்ந்த ஜோ லாம்பர்ட், நீனா முல்லன் ஆகியோருடன் சேர்ந்து ஆட்ச்லி 1994ஆம் ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கினார். பின்னர் அது பெர்க்லி நகருக்கு இடம் மாறி, டிஜிட்டல் கதைசொல்லல் மையம் என்ற பெயரில் பல நாடுகளிலும் அறியப்பட்டது. ஆட்ச்லி 2000ஆம் ஆண்டு இறுதியில் காலமானார்.

அங்கு சென்று பயின்று, இந்த முறையை வேல்ஸுக்குக் கொண்டுவந்தவர் டேனியல் மெடோஸ் என்ற புகைப்படக் கலைஞர். இவர் 1973-74ஆம் ஆண்டுகளில் ஓர் இரண்டடுக்குப் பேருந்தில் இங்கிலாந்தின் ஊர்களைச் சுற்றி, எதிர்ப்பட்ட சாதாரண மக்களை இலவசமாகப் படம் பிடித்துக் கொடுத்தவர். 1990களில் அவர்களில் சிலரைத் தேடிச் சென்று மீண்டும் படம் எடுத்தார். எத்தனை அக்கறையுடன் எடுத்த படமானாலும், எடுத்தவரின் பார்வைதானே அதில் பதிவாகிறது? அந்தப் படங்களில் இருந்தவர்களே தம்மைப் பற்றிப் பேசும் வழியை அவர் டிஜிட்டல் கதைசொல்லலில் கண்டார்.

தீக்குச்சி அணையும்வரை

பயிற்சி கணினியில் தொடங்குவதில்லை. முதலில் அனைவரும் வட்டமாக உட்காருகிறார்கள். "கதை வட்டம்" என்று இதற்குப் பெயர். வேல்ஸில் இந்த வட்டத்தை வழிநடத்தியவர் கில்லி ஆடம்ஸ் என்ற நாடக இயக்குநர். அங்கு நடந்த விளையாட்டுகளில் ஒன்று மிகவும் எளிமையானது. ஒருவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, தமக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். குச்சி அணைந்தால் பேச்சும் முடிந்தது. விரல் சுடும் என்ற பயத்தில் முன்னுரை, தயக்கம், சபை மரியாதை எல்லாம் உதிர்ந்துபோகின்றன. சொல்லவந்த விஷயம் நேரடியாக வெளிவருகிறது.

பிறகு எழுத்து. சுமார் 250 சொற்கள், பன்னிரண்டு படங்கள் அளவில், இரண்டு நிமிடம் என்பது மெடோஸ் வகுத்த வரம்பு. பலரும் ஐந்து பக்கத்துக்கு எழுதக்கூடிய விஷயத்தோடு வருவார்கள். ஒரு தந்தையின் வாழ்க்கை முழுவதையும் 250 சொற்களில் சொல்ல முடியாது. ஆனால் அவர் சுரங்கத்தில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் தலை துவட்டிய துண்டைப் பற்றிச் சொல்ல முடியும். அந்தத் துண்டின் வழியே தந்தையும் வந்துவிடுவார். வரம்பு கடுமையாக இருப்பதால்தான் பழக்கமில்லாதவரும் ஐந்து நாட்களில் ஒன்றை முடிக்க முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லையில்லாத சுதந்திரம் புதியவரைத் திணறடித்துவிடும்.

அடுத்ததாக, எழுதியதை வாசித்து ஒலிப்பதிவு செய்வது. பேசுபவரின் குரலில் இருக்கும் வட்டார வழக்கையும் தடுமாற்றத்தையும் பயிற்சியாளர்கள் திருத்துவதில்லை. தொழில்முறை அறிவிப்பாளரைக் கொண்டு வாசிக்கவைத்தால் படம் செம்மையாக இருக்கும், ஆனால் அது அவரது கதையாக இராது. இதன் பிறகே படங்களைக் கணினியில் ஏற்றுவதும் தொகுப்பதும். அக்காலத்தில் இதற்கென மடிக்கணினிகளையும் ஸ்கேனர்களையும் ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஒரு கைப்பேசி போதும். எனவே இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பம் இல்லாதவர்கள்

ஒவ்வொரு வீட்டிலும் பழைய படங்கள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கும் என்பது இந்த முறையின் அடிப்படை ஊகம். வேல்ஸில் அது பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் உலகில் எல்லோருக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி, தமிழ் நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று. 1995ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்தவர்களிலும், 2009ஆம் ஆண்டில் வன்னியில் இருந்து வெளியேறியவர்களிலும் பலரால் உடுத்த துணிக்கு மேல் அதிகம் எடுத்துவர முடியவில்லை. கல்யாண ஆல்பம் வீட்டோடு போயிற்று.

இத்தகையவர்களுக்குப் படம் வரையலாம். வீடு இருந்த தெருவை நினைவில் இருந்து வரைபடமாகக் கீறலாம். எஞ்சியிருக்கும் ஒரு சாவியையோ அடையாள அட்டையையோ படம் பிடிக்கலாம். படம் இல்லை என்பதையே சொல்லி, சில நொடிகள் திரையைக் கறுப்பாக விடவும் செய்யலாம்.

அதைவிடச் சிக்கலான விஷயம் பாதுகாப்பு. அகதி அந்தஸ்துக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும் ஒருவர், தாம் எப்படி வந்தார் என்பதைத் தமது குரலிலேயே சொல்லும் இரண்டு நிமிடப் படம், அவரது வழக்கையும் பாதிக்கலாம், ஊரில் இருக்கும் உறவினர்களையும் பாதிக்கலாம். பெர்க்லி மையத்தில் இருந்து 1999ஆம் ஆண்டில் கிளைத்த, வன்முறையில் இருந்து மீண்டவர்களுடன் பணியாற்றிய "சைலன்ஸ் ஸ்பீக்ஸ்" திட்டம் இந்த ஆபத்தைக் கருத்தில் கொண்டே செயல்பட்டது. கதைசொல்லிகளின் உரிமைகள் என்று ஒரு பட்டியலையும் அந்த மையம் வெளியிட்டது. படம் எதற்காக, எங்கே காட்டப்படும் என்று தெரிந்துகொள்வதும் பின்வாங்குவதும் அவ்வுரிமைகளில் அடங்கும். பயிற்சியின் முதல் நாள் வாங்கும் கையெழுத்து இதற்குப் போதாது. கதை முடிந்த பிறகு, அதைப் பார்த்த பிறகு, மீண்டும் ஒருமுறை கேட்கப்பட வேண்டும். இணையத்தில் ஒருமுறை பரவியதைத் திரும்பப் பெற இயலாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

யார் கேட்கிறார்கள்?

தம் கதையைத் தாமே சொல்லக் கற்றுக்கொண்டவர் குரல் பெற்றுவிட்டதாகச் சொல்வது வழக்கம். அந்தக் குரலுக்குச் செவிசாய்க்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி. பேச இடம் கொடுத்துவிட்டு, பேசியதைப் பொருட்படுத்தாமல் விடும் அமைப்புகளைப் பற்றி ஊடக ஆய்வாளர் நிக் கூல்ட்ரி 2010ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக விமர்சித்தார். இந்த விமர்சனம் பல டிஜிட்டல் கதைசொல்லல் திட்டங்களுக்கும் பொருந்தும். பயிற்சியின் கடைசி நாள், உறவினர்கள் முன்னிலையில் படங்கள் திரையிடப்படுகின்றன. சிலர் அழுகிறார்கள், அனைவரும் கைதட்டுகிறார்கள். மருத்துவமனையில் தமக்கு நேர்ந்த அலட்சியத்தைப் பற்றி ஒருவர் படம் எடுத்திருந்தால், அந்தக் கைதட்டலுக்கு மறுநாள் அந்த மருத்துவமனையில் என்ன மாறும்?

கணினியே இல்லாத காலத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் உள்ள ஃபோகோ தீவில், மீன்பிடித் தொழில் நலிவுற்று, மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது பற்றிப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 1967ஆம் ஆண்டில் கனடிய தேசிய திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ அங்கு சென்று, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். ஒளிப்படக் கருவி தீவு மக்களின் கையில் இருக்கவில்லை. ஆனால் எடுத்த படம் முதலில் அவர்களுக்கே காட்டப்பட்டது. வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதி நீக்கப்பட்டது. மதத்தாலும் தூரத்தாலும் பிரிந்து கிடந்த கிராமங்கள் ஒன்றின் படத்தை மற்றொன்று பார்த்து, தங்கள் பிரச்சனை ஒன்றே என்பதை உணர்ந்தன. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தீவு காலியாகவில்லை.

அந்தப் படங்கள் மாகாண அரசின் அமைச்சர்களுக்கும் திரையிடப்பட்டன. மீன்வளத்துறை அமைச்சரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவு மக்களுக்குக் காட்டப்பட்டது. பின்வந்த டிஜிட்டல் கதைப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வாறு பதில் படம் எதுவும் வந்து சேர்ந்ததில்லை.