தாய்வீட்டுக்குப் போகும் எண்

வளைகாப்பு முடிந்தது. பெரம்பலூர் அருகே ஒரு சிற்றூரில் வாழும் பெண், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு புறப்படுகிறாள். தாய்வீடு அரியலூர்ப் பக்கம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். புடவை, வளையல், பலகாரம் எல்லாம் உடன் செல்கின்றன. ஆனால் மிக முக்கியமான செய்தி ஒன்று ஊரிலேயே தங்கிவிடக் கூடும். அது என்ன?

அவளது இரத்தம் பற்றிய செய்தி! கருவுற்ற பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் கடுமையான இரத்தசோகை. பிரசவத்தின்போது இரத்தப்போக்கு சற்று மிகுந்தாலும் உயிருக்கே ஆபத்து. இந்த அளவைக் குறித்து வைத்திருப்பவர் கிராம சுகாதார செவிலியர். அவரது பதிவேடு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறது; பெண்ணோ அடுத்த மாவட்டத்தில் இருக்கிறாள். அவள் கையில் உள்ள அட்டை தொலைந்துபோனால்?

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு ‘பிக்மி’ என்னும் கணிப்பொறிப் பதிவுமுறை தொடங்கப்பட்டது. இன்று ஒவ்வொரு கருவுற்ற தாய்க்கும் 12 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. அந்த எண்ணைக் கூறினால், எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அவளது விவரத்தைக் காண இயல வேண்டும். 12 இலக்கங்களைக் கொண்டு ஒரு லட்சம் கோடி எண்களை அமைக்கலாம். எனவே எண்ணுக்குப் பஞ்சமில்லை. பின் எங்கே தடுமாற்றம்?

ஒருத்திக்கு இரண்டு எண்

எண்ணை மறந்து வந்தவளைப் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும். பெரம்பலூரில் ‘லட்சுமி’ என்று பதிந்தவர், அரியலூரில் ‘லெட்சுமி’ ஆகலாம். அங்கே கணவரின் தொலைபேசி எண். இங்கே தந்தையின் எண். மனிதக் கண்ணுக்கு ஒருத்தி, கணிப்பொறிக்கோ இருவர்! புதிய எண் ஒன்று பிறந்துவிடுகிறது. விளைவு? முதல் எண்ணில், கருவுற்ற ஒருத்தி பிரசவமே ஆகாமல் நிற்கிறாள். இரண்டாம் எண்ணில், ஒரு பரிசோதனையும் செய்யாத ஒருத்தி குழந்தை பெறுகிறாள். 7 கிராம் என்ற எச்சரிக்கை முதல் எண்ணிலேயே உறங்குகிறது.

பெண்கள் மட்டுமல்ல, ஊர்களும் ‘இடம் மாறுகின்றன’. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; 2002இல் மீண்டும் இணைந்தது; 2007இல் மறுபடியும் பிரிந்தது. எல்லை மாற்றத்தை அறியாமல் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டால், பெரம்பலூரில் பிரசவங்கள் திடீரெனக் குறைந்துவிட்டதாகத் தோன்றும்!

இரட்டை வேலை

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, வீடு வீடாகச் சென்று பார்த்தல், பரிசோதனை எல்லாம் செவிலியர் பொறுப்பு. பதிவேட்டில் எழுதியதையே மாலையில் கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டுமென்றால் என்ன ஆகும்? களைத்த கையில் 11 என்பது 17 ஆகலாம். இணைப்பு அறுந்தால் வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். செய்தி மேலே மட்டும் சென்று கீழே திரும்பாவிட்டால், செவிலியருக்கு அது வெறும் சுமை. மாறாக, “உங்கள் ஊருக்கு இன்னின்னார் பிரசவத்திற்கு வந்துள்ளனர், இவருக்கு இரத்தசோகை” என்ற பட்டியல் காலையில் அவர் கைக்கு வந்தால், அதே கணிப்பொறி உயிர் காக்கும் துணையாகும்.

ஆகவே கருவி வாங்குவது முதற்படியே. ஒருமுறை மட்டும் எழுதுதல், புதிதாகப் பதியும் முன் பழையதைத் தேடுதல், செய்தியைச் செவிலியரிடமே திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கூடினால்தான் பயன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலுள்ள குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். ஒரே பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டுள்ளது? கணிப்பொறியின் திணறல் அப்போது புரியும்.