காரை உயர்த்துமுன் மூட்டுகளைப் பாருங்கள்

பள்ளமும் கல்லுமான கிராமப் பாதையில் காரின் அடிப்பகுதி இடிபடும்போது, வில்லுக்குக் கட்டை வைத்து உயர்த்திவிடவே பலரும் எண்ணுகிறோம். மாருதி 800 போன்ற, முன்சில்லுகள் இழுக்கும் கார்களில் இதனை அவதானமாகச் செய்தல் வேண்டும்.

எஞ்சினின் வலுவை முன்சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகளின் இரு முனைகளிலும் மூட்டுகள் உண்டு. உடலும் எஞ்சினும் மேலெழ, சில்லு நிலத்திலேயே நிற்கும். தண்டு சரிந்து, மூட்டு கூடுதலாக மடியும். நாளடைவில் றப்பர் உறை கிழியும், கிறீஸ் வெளியேறும், மணல் புகும். திருப்பத்தில் "டக், டக்" என்ற சத்தம் மூட்டுத் தேய்வின் அறிகுறி. அது உடைந்தால் நோயாளியும் நெல்மூட்டையும் நடுவழியில்தான்.

ஆகவே, முதலில் தளர்ந்த பழைய வில்லுகளை மாற்றுங்கள். இழந்த உயரம் திரும்பும். எங்கும் உரசாத அளவில் சற்றுப் பெரிய ரயர் பூட்டலாம். விட்டம் 2 சென்ரிமீற்றர் கூடினால் கார் 1 சென்ரிமீற்றர் உயரும். மூட்டின் கோணம் மாறாது.

கட்டை வைத்தேயாக வேண்டுமெனில் சிறிதளவோடு நிறுத்துங்கள். பின்னர் காரை ஜக்கினால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை விடுவித்து, தொங்கும் முன்சில்லுகளை இருபக்கமும் முழுமையாகத் திருப்பிக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகினாலோ, பிறேக் குழாய் இழுபட்டாலோ உயரத்தைக் குறையுங்கள். சில்லுகளின் நேர்த்தியையும் சரிபார்ப்பியுங்கள்.

கிழிந்த உறையைக் கண்டவுடன் மாற்றினால் மூட்டு பிழைக்கும், கைப்பணமும் மிஞ்சும்.